ரெண்டு செக்கிங்

மாநகராட்சியில இருந்து வந்த புள்ள
பேரு கோகிலவாணி.
தோள்பையில டார்ச்சும் ஒரு வெள்ளைக் கரண்டியும்.
"பொடக்காலியைப் பாக்கணுங்க்கா, செக்கிங்."
நானும் செக்கிங்தான் கண்ணு,
பனியன் கம்பெனியில, பதினாலு வருசமா.
டியூப்லைட்டுக்குக் கீழ துணியை விரிச்சா
எண்ணெய்க்கறை, விட்ட தையல், ஊசிமுனை ஓட்டை
ஒண்ணும் தப்பாது என் கண்ணுக்கு.
அவ சிரிக்கல.
அந்த வெயில்ல நாப்பது வூடு
ஏறி எறங்கி வந்திருப்பா.

மொதல்ல வாழை. மட்டை இடுக்குல டார்ச் அடிச்சா.
அப்புறம் செம்பருத்தி மறைவுல
பெயிண்டு டப்பா மூடி, கொட்டாங்குச்சி,
பையன் ஒடைச்சுப் போட்ட லாரி பொம்மை.
லாரித் தொட்டியில அஞ்சு ஸ்பூன் தண்ணிகூட இருக்காது,
அதுல ஏழு.
தலைகீழாத் தொங்கி
வாலால மூச்சு வுட்டுக்கிட்டு.
அவ நெழல் பட்டதும் நெளிஞ்சு எறங்கி
அடியில கெடந்துச்சுங்க,
கத்தரிச்சுப் போட்ட நூல் பிசிறாட்டம்.

"இதென்னங்க்கா?"
பையரு முன்னால
நான் பாஸ் பண்ணின பீஸைத் திருப்பிக் காட்டுனாப்ல
காது சுட்டுருச்சு எனக்கு.

நீல டிரம்மு மூணு, மூடி இல்லை.
"அபராதம் போடச் சொல்றாங்க்கா."
குழாயில தண்ணி வந்து ஒம்போது நாளாச்சு,
அதுக்கு யாருக்குப் போடுவே அபராதம்?
செவுத்துல தேதி எழுதிக்கிட்டே
திரும்பாமச் சொன்னா:
"எங்க வீதியில பதினொண்ணு."

எதுத்த லைன் வூட்டுல பிபின்னு ஒரு ஒடிசாப் பையன்.
போன ஐப்பசியில தட்டணு எறங்கி
ஆஸ்பத்திரியில கெடந்து ஊருக்குப் போனவன்
வரவே இல்லை.
அவன் மிஷின்ல இப்ப வேற ஆளு.
எந்த வூட்டுச் சீக்கடி கடிச்சுதுன்னு
யாரும் கேக்கல. நானும் கேக்கல.

ஞாயித்துக்கிழமை
துணியைப் பாக்கற கண்ணோட தோட்டத்தைப் பாத்தேன்.
பொடலைப் பந்தலுக்கு நட்ட இரும்புக் குழாய் நாலும்
வானத்தைப் பாத்து வாயைத் தொறந்துட்டு நிக்குது.
குச்சி விட்டா ஒரு சாண் நனைஞ்சு வருது.
அவரைக்குத் தண்ணி ஊத்துனேன்னு நெனச்சேனே,
இதுகளுக்கல்ல வார்த்திருக்கேன்!
மணலை அள்ளி வாயடைச்சேன்.
குருவிக்கு வெச்ச சட்டியைத் தேச்சுக் கவுத்து மறுபடி ரொப்புனேன்.
பிரிட்ஜுக்குப் பொறத்தால ஒரு தட்டு இருக்குன்னே
அன்னிக்குத்தான் தெரியும்.

டிரம்முக்கு என்ன பண்ண?
கம்பெனியில ஒதுக்கின பீஸு எடைக்குப் போடுவாங்க.
மூணு டி-சர்ட், மூணும் பெரிய சைசு,
கழுத்தைத் தெச்சு, கையைத் தெச்சு,
வாயில இழுத்துவுட்டு எலாஸ்டிக் போட்டேன்.
ஏதோ குளிர் தேசத்துல ஒரு தடியன் போட வேண்டியது
எம்பட டிரம்மு போட்டுட்டு நிக்குது,
நெஞ்சுல இங்கிலீசு எழுத்தோட.

ரெண்டு வாரங் கழிச்சு கோகிலவாணி வந்தா.
மொத டிரம்மு சுத்தம். ரெண்டாவதும்.
மூணாவதுல கரண்டியை வுட்டு எடுத்து
எங்கிட்ட நீட்டுனா.
நூல் பிசிறு நாலு.

துணியை உருவி வெயிலுக்கு நேராப் புடிச்சேன்.
இடுப்புத் தையலோரம் ஓட்டை.
ஊசிமுனையா இருந்தது
இழுத்துக் கட்டுனதுல மொளகத்தனை ஆயிருக்கு.
பக்கத்துலயே செவப்பு அம்பு ஸ்டிக்கர்,
இங்கதான், இங்கதான்னு காட்டிக்கிட்டு.
ஒட்டுனவ நாந்தான்.

அம்பைப் பாத்தா நொழைஞ்சுது கருமம்?
கேட்டதும் அவ சிரிச்சா பாருங்க,
கரண்டித் தண்ணி என் கால்ல கொட்டுற அளவுக்கு.
அவ துணியைப் புடிக்க நான் ஓட்டையைத் தெச்சேன்.
பதினாலு வருசத்துல
ஓட்டையைக் காட்டி ஒதுக்கித்தான் பழக்கம்,
அடைச்சதில்லை.

பொழுதோட வெளக்குப் போட்டேன்.
காதோரம் ஒண்ணு பாடிக்கிட்டுப் போகுது.
பக்கத்து வூட்டுதா இருக்கும்னு
சொல்ல வாயெடுத்தேன்.
டார்ச் எங்க வெச்சேன்னு
தேடிக்கிட்டிருக்கேன்.